அயோவாக் கோச்சும் எங்கள் கோயிற் சண்டையும்

போன கிழமை, சுவிஸில் பாடன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் வேலை. மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றுகிற கம்பங்கள் நட வேண்டும். நான் எலெக்ட்ரீஷியன். எங்கே நடச் சொன்னாலும் நடுவேன், கேள்வி கேட்பதில்லை. மெஷின் தாரைப் பெயர்த்துப் போட்டது. கேபிள் போகிற கிடங்குக்குள் இருந்து கறுத்த ஈரமண் மேலே வந்தது. அந்த மணம் மூக்கில் ஏறிய பிறகுதான் எனக்கு இடம் பிடிபட்டது. இந்த மண்ணை நான் தின்றிருக்கிறேன். அழகுக்குச் சொல்லவில்லை. வாயில், பல்லிடுக்கில், ஹெல்மெட் கம்பிக்குள் என்று இந்த மண் எனக்குள் போன அளவுக்கு யாழ்ப்பாணத்து மண்கூடப் போயிருக்காது. அங்கிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்குப் பால்பல்லே விழுந்திருக்கவில்லை.

அது முந்தி எங்கள் அமெரிக்கன் புட்போல் கிளப்பின் மைதானம். சிரிக்காதீர்கள். தோளில் பிளாஸ்டிக் கவசம், தலையில் ஹெல்மெட், முட்டை வடிவத்தில் ஒரு பந்து. ஒரு பக்கம் முட்டித் தள்ளும், மறு பக்கம் முட்டித் தாங்கும். அவ்வளவுதான் விளையாட்டு. மிச்சமெல்லாம் கோச்மார் தங்கள் பிழைப்புக்குக் கண்டுபிடித்தவை. அப்படிப் பிழைக்க வந்த ஒருவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பெயர் ரஸ். அமெரிக்காவில் அயோவா என்கிற மாநிலத்துக்காரர்.

நான் அப்போது பாடனில் மின்வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கேபிள் உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு போன என்னை ஒரு வெள்ளைக்காரர் மறித்தார். சிவந்த கழுத்து, தொப்பி, உள்ளங்கை இரண்டும் சட்டிமாதிரி. "எத்தனை கிலோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் உருளையின் நிறையைச் சொன்னேன். "உருளை இல்லை. நீ."

அதுவரை என் உடம்பைப் பற்றி ஒருவரும் மரியாதையாக விசாரித்ததில்லை. எங்கள் ஆக்களின் கிரிக்கெட்டில் என்னை அம்பயராக நிறுத்துவார்கள். கலியாண வீடுகளில் கதிரை தூக்க விடுவார்கள். கறியில் இன்னொரு கரண்டி போடும்போதெல்லாம் யாராவது ஒரு மாமி பகிடி விடுவா. ரஸ் மட்டும்தான் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, நல்ல நிலம் வாங்கப் போகிறவர்போலத் தலையாட்டினார். அடுத்த கிழமையே என் மச்சான்மார் இருவரையும் இழுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டேன்.

அம்மாவுக்கு இது என்ன விளையாட்டென்று கடைசிவரை விளங்கவில்லை. ஹெல்மெட் போட்டுச் செய்கிற ஏதோ பகுதிநேர வேலை என்று நினைத்துக்கொண்டா. உடம்பெல்லாம் கண்டலோடு வருவதைப் பார்த்துவிட்டு ஒரு போத்தல் கோடாலித் தைலம் பையில் வைத்துவிட்டா. உடைமாற்றும் அறையில் நான் அதைத் திறந்ததும் சுவிஸ் பெடியள் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு மாதத்தில் எல்லாரும் வரிசையில் நின்று முழங்காலை நீட்டினார்கள். ரஸ் இரண்டு முழங்காலுக்கும் பூசிவிட்டு, "இது அயோவாவில் இருந்திருந்தால் நான் இன்னும் விளையாடிக்கொண்டிருப்பேன்" என்றார்.

அவருடைய உத்தியோகக் கதையை அவரே எனக்குச் சொன்னார், பயிற்சி முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் துண்டு துண்டாக. சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரியில் படித்தாராம். அங்கேயே விளையாடி அங்கேயே உதவிக் கோச்சாகினாராம். பிறகு அதைவிடச் சின்னக் கல்லூரி. பிறகு அதையும்விடச் சின்னது. மற்றவர்களின் உத்தியோகம் மேலே ஏறும். இவருடையது கிணற்றுக்குள் இறங்குகிற ஏணி. கடைசியாக இவரைத் தலைமைக் கோச்சாக்கியது தேவாலயக்காரர் நடத்திய ஒரு கல்லூரி. அங்கே கோச் என்றால் மைதானத்துப் புல்லும் வெட்ட வேண்டும், பஸ்ஸும் ஓட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாடகர் வரிசையிலும் நிற்க வேண்டும். ஒரே ஒரு வருடம் நன்றாக வென்றார்கள். அடுத்த வருடம் செலவைக் குறைக்கிறோம் என்று கல்லூரி புட்போலையே நிறுத்திவிட்டது. "தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் எங்களை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்" என்பார். மனைவியும் அந்த வருடமே போய்விட்டாராம். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்படிக் கடைசியில் எங்கள் கிளப்பின் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தவருக்குச் சுவிஸ் கொடுத்த வரவேற்பைச் சொல்கிறேன். மைதானத்தைச் சுற்றி வீடுகள். மாலைக்குப் பிறகு விசில் ஊதக்கூடாதென்று நகரசபை அறிவித்தல் ஒட்டியது. எங்களுக்குப் பயிற்சியே மாலைக்குப் பிறகுதான். விசில் இல்லாத கோச், மணி இல்லாத ஐயர்போல. ரஸ் கைதட்டினார். அதற்கும் முறைப்பாடு வந்தது. கடைசியில் ஒரு துவாயைத் தலைக்கு மேலே சுழற்றினார். துவாயைப் பார்த்து ஓடினோம், துவாயைப் பார்த்து நின்றோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதர் ஈ கலைக்கிறார் என்றுதான் தெரிந்திருக்கும்.

ஆனால் ஆள் மூளைக்காரர். இந்த விளையாட்டில் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை எதிரிக்கு விளங்காமல் தங்களுக்குள் கத்திச் சொல்ல வேண்டும். சுவிஸில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். "உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள்" என்றார் ரஸ். முன்வரிசையில் நாங்கள் மூன்று தமிழர். இடியப்பம் என்றால் வலப்பக்கம் ஓடுவது, புட்டு என்றால் இடப்பக்கம், தோசை என்றால் பந்தைத் தூர எறிவது. அயோவாக்காரர் ஓரத்தில் நின்று "புட்டு! புட்டு!" என்று கத்துவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நன்றாகத்தான் போனது, பிரெஞ்சு பேசுகிற ரெனான் பக்கம் ஒரு போட்டிக்குப் போகும்வரை. நான் குனிந்து "புட்டு" என்றதும் எனக்கு நேரே நின்ற எதிரணிக்காரன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டான்: "அண்ணை, புட்டெண்டா இடப்பக்கமோ?" அன்றைக்குக் கேவலமாகத் தோற்றோம். பிறகு அவன் அம்மா கட்டிக் கொடுத்த கட்லட்டை எங்களுக்கும் தந்தான்.

இனி உர்ஸ். கிளப்பின் தலைவர், காப்புறுதிக் கந்தோரில் வேலை. அணியில் பந்தை எறிகிற ஆளும் அவர்தான், குவாட்டர்பேக் என்பார்கள். ஏன் அவர் என்று கேட்கக்கூடாது. கிளப்பைத் தொடங்கியவர் அவர். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் சங்கம் இருக்கிறது, முயல் வளர்ப்பதற்கும் இருக்கிறது. சந்தா கட்டுகிறவன்தான் சங்கத்துக்கு முதலாளி. ரஸ் எங்களை மண்ணில் உருட்டியபோதெல்லாம் தன் முதலாளிமாரைத்தான் உருட்டினார். அவருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. அவர் வந்த ஊரில் கோச் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டாவது வருடம் மாசி மாத விடுமுறைக்கு உர்ஸ் குடும்பத்தோடு பனிச்சறுக்கப் போனார். பயிற்சிகளுக்கு வரவில்லை. பருவத்தின் முதற் போட்டியில் ரஸ் அவரை விளையாட விடாமல் வாங்கில் இருத்தினார். தலைவரை, வாங்கில். தச்சுவேலை பழகிக்கொண்டிருந்த ஒருவன் பந்தை எறிந்தான். நாங்கள் வென்றோம். அதுதான் பிழையாகிப்போனது. தோற்றிருந்தால் உர்ஸ் மன்னித்திருப்பார்.

அந்தப் பருவம் முழுக்க உர்ஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவிஸ்காரன் சத்தம் போட மாட்டான், நிகழ்ச்சி நிரலில் போடுவான். ஆண்டுப் பொதுக்கூட்டத்து அழைப்பு வந்தது. சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, சீருடை கழுவும் முறை, அதற்குக் கீழே: கோச்சின் ஒப்பந்தத்தைத் தொடர்வதில்லை என்ற பிரேரணை. கையுயர்த்தி வாக்கெடுப்பு. அதற்குக் கீழே: சொசேஜும் உருளைக்கிழங்குச் சலாதும்.

ஒப்பந்தம் போனால் ரஸ் சுவிஸில் தங்குகிற பெர்மிட்டும் போகும். பெர்மிட் போனால் அயோவா. அயோவாவில் அவருக்கு மிச்சமாக இருந்தது ஒரு தமக்கையும், அந்தத் தமக்கையின் கராஜுக்குள் கொஞ்சம் பெட்டிகளும். இந்த வயதில் இன்னொரு கல்லூரி தன்னை எடுக்காதென்று அவரே சொல்லியிருந்தார். பெர்மிட் என்றால் என்னவென்று எங்கள் ஆக்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. கடிதப்பெட்டியைத் திறக்க முதல் அப்பா திருநீறு பூசிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. அதனால் சித்தப்பாவிடம் போனேன்.

சித்தப்பா எங்கள் கோயிற் பரிபாலன சபையில் இருந்தார். பொதுக்கூட்டம் என்றால் அவருக்குத் தண்ணி குடித்த மாதிரி.

"எத்தினை பேர் அந்தக் கிளப்பில?" என்று கேட்டார். சொன்னேன்.

"இவ்வளவுதானோ? உதுக்கோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தனி? வெல்லுறதுக்கு எங்கட ஒரு பஸ் ஆக்கள் காணுமடா. யாப்பை வாசிச்சனியோ?"

"என்ன யாப்பு?"

"கிளப்பின்ர யாப்பு, சட்டதிட்டம். கூட்டத்துக்கு முதல் சந்தா கட்டின ஆளுக்கு வாக்கு இருக்கோ எண்டு பார்."

பார்த்தேன். இருந்தது.

"பிறகென்ன. உன்ர வெள்ளையை நான் விட்டுக்குடுக்க மாட்டன். ஆனா ரகசியமாச் செய்."

ரகசியம் என்றால் எங்களுக்குள் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்காமல் விடுவது மட்டும்தான். அம்மா சின்னம்மாவுக்குச் சொன்னா. சின்னம்மா கோயிலில் மரக்கறி வெட்டுமிடத்தில் சொன்னா. அங்கிருந்து பரமலிங்கத்தார் காதுக்குப் போக அரை நாள் எடுத்திருக்காது.

பரமலிங்கத்தார் யார் என்று சொல்ல வேண்டும். சித்தப்பாவும் அவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், சுவிஸுக்கு வந்து ஒரே உணவகத்தில் சட்டி கழுவியவர்கள். கோயிலை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். தேர் செய்தார்கள். தேரைத் தொழிற்பேட்டையில் கார்கள் நிற்கிற இடத்தைச் சுற்றித்தான் இழுப்போம், ஆனால் தேர் தேர்தானே. முதல் வருடம் வலப்பக்க வடத்தை முன்னால் பிடிப்பது யார் என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அவ்வளவுதான். அடுத்த வருடம் கோயிலுக்குள் இரண்டு கட்சி. இரண்டு கட்சிக்கும் இரண்டு கடை, இரண்டு தமிழ்ப் பாடசாலை, இரண்டு மேளக்காரர். ஒரு கட்சிக்காரர் செத்தால் மற்றக் கட்சிக்காரர் சுடலைக்கு வருவார்கள், வீட்டுக்கு வரமாட்டார்கள்.

"கோயிலைப் பிடிச்சார். இப்ப வெள்ளையளின்ர கிளப்பையும் பிடிக்கப் பாக்கிறாரோ? விடக்கூடாது" என்று பரமலிங்கத்தார் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய ஆக்களும் சந்தா கட்டினார்கள்.

உர்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வருடமாக உறுப்பினர் சேர்க்கக் கேக் விற்ற மனிதர். இப்போது ஒவ்வொரு நாளும் விண்ணப்பம். சிவபாக்கியம், தங்கரத்தினம் என்று பெயர்கள். "ஒருங்கிணைவு என்றால் இதுதான்" என்று என் தோளில் தட்டினார். உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொல்லிப் படம் எடுக்கவும் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்.

கூட்டம் ஒரு உணவகத்தின் பின்மண்டபத்தில். கதிரை காணாமல் முன்பக்கத்திலிருந்து இழுத்துவந்து போட்டார்கள். எங்கள் மாமிமார் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள், கூட்டம் என்றால் படம் எடுப்பார்கள்தானே. நடுவில் ஒரு வழி விட்டு இரண்டு பக்கமும் பொம்பிளை வீடு, மாப்பிள்ளை வீடு மாதிரி இருந்தார்கள். பரமலிங்கத்தாரை மற்றப் பக்கத்தில் கண்டேன். நேரே போய்க் கேட்டேன்.

"நீங்கள் ஏன் அண்ணை வந்தனீங்கள்?"

"ஏன் தம்பி, சந்தா கட்டினனான்தானே."

"கோச்சைத் தெரியுமோ உங்களுக்கு?"

"உவரை எனக்குத் தெரியாது. உன்ர சித்தப்பாவைத் தெரியும்."

ரஸ் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "இவர்கள் எல்லாரும் எனக்காகவா வந்திருக்கிறார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். "ஓம்" என்றேன். பொய்யில்லைதானே. அவருக்காகத்தான் வந்திருந்தார்கள், இரண்டு பக்கமும்.

அறிக்கை, கணக்கு, சீருடை கழுவுவது எல்லாம் போனது. சீருடையிலேயே நெடுநேரம் போனது. பிறகு உர்ஸ் பிரேரணையை வாசித்து, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். அதாவது ரஸ்ஸை அனுப்ப வேண்டும் என்பவர்கள். சுவிஸ் பெடியளில் பாதிப்பேர் கை மேலே போனது. பரமலிங்கத்தாருக்கு ஜெர்மன் மட்டுமட்டு. அவர் உர்ஸைப் பார்க்கவில்லை. வழிக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அது போதுமாக இருந்தது. பரமலிங்கத்தார் கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் முழுப் பக்கமும் உயர்த்தியது, காப்புகள் ஒரேயடியாகக் கிலுங்கின.

அப்போதுதான் ரஸ் எழும்பினார்.

நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் எழும்பிவிட்டார். தமிழ்க் கைகளைக் கண்டு, தனக்கு விழுந்த வாக்கு என்று நினைத்துவிட்டார். தன் சட்டிக் கையை நெஞ்சில் வைத்து அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தலை குனிந்தார். "தேங்க் யூ. தேங்க் யூ." முன்னால் இருந்த ஒரு மாமிக்கு வெட்கமாகிப்போய் அவவும் சிரித்தா. உயர்த்திய கை உயர்த்தியபடியே.

"கோச், இருங்கள்" என்றேன். "இவர்கள் எதிராக."

சிரிப்பு முகத்தில் இருந்து போக நேரம் எடுத்தது. இருந்தார். "நான் இவர்களுக்கு என்ன செய்தேன்?"

"ஒன்றுமில்லை."

"பிறகு ஏன்?"

"எங்களிடம் ஒரு தேர் இருக்கிறது" என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், வலப்பக்க வடத்தை ஆங்கிலத்தில் ஒரு அயோவாக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

எண்ணினார்கள். பிரேரணை நிறைவேறியது. சித்தப்பா துள்ளி எழும்பி, "திருப்பி எண்ணச் சொல்லு! கள்ள வாக்கு!" என்றார். அவர் முகத்தில் கவலை இருந்தது, ரஸ்ஸைப் பற்றியது அல்ல. உர்ஸ் ரஸ்ஸுக்கு நன்றி சொல்லி அன்பளிப்பு கொடுத்தார். ஒரு மாட்டு மணி, பெரியது, பெயர் பொறித்தது. விசில் ஊத விடாத மனிதருக்கு மணி. பெயர் பொறிக்கக் கிழமைக்கணக்காகும் என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் கைதட்டினார்கள், எங்கள் ஆக்களும் இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டினார்கள். பிறகு சொசேஜ் வந்தது. வெள்ளிக்கிழமை. எங்களில் ஒருவரும் தொடவில்லை. எங்கள் ஆக்கள் நிறைந்த கூட்டத்தில் சாப்பாடு மிஞ்சியதை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டிகளை ஒப்படைத்த பிறகு கேட்டார், "உங்கள் ஆக்கள் மட்டும் எப்படி இங்கே தங்கினார்கள்?"

"எங்களுக்கு ஊரில் யுத்தம் இருந்தது, கோச். உங்களுக்கு இல்லையே."

"நீ அயோவாவைப் பார்த்ததில்லை" என்றார். சிரித்தார். என் தலையை ஹெல்மெட்டைத் தட்டுவதுபோல ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த பருவம் உர்ஸ் மறுபடி பந்தை எறிந்தார். அது பெரும்பாலும் எதிரணிக்காரரின் கைக்குப் போனது. நானும் மச்சான்மாரும் நின்றுவிட்டோம். பிறகு கிளப்பே நின்றது. ரஸ் சில வருடம் தொலைபேசி எடுத்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதாகச் சொன்னார், பக்கத்துக் கல்லூரியில் பயிற்சி நடக்கும்போது வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாராம். பிறகு அந்த இலக்கத்தில் வேறு யாரோ எடுத்தார்கள். மைதானத்துக்குத் தார் போட்டார்கள்.

நான் கோபத்தை விடவில்லை. கோபத்தை வைத்திருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி. வருடக்கணக்காகப் பரமலிங்கத்தாரோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கோயிலுக்கு வர நேரமில்லை, தேர் இழுக்க ஆள் காணவில்லை. இரண்டு கட்சியும் தனித்தனியாக இழுக்கப் பார்த்தன, தேர் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஒன்றாகிவிட்டார்கள். ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை, ஒரு மன்னிப்பும் இல்லை. இப்போது வலப்பக்கம், இடப்பக்கம் எல்லாம் கிடையாது, கை இருக்கிறவன் பிடிக்கலாம்.

இந்த வருடத் திருவிழாவில் அன்னதான மண்டபத்தில் சித்தப்பாவும் பரமலிங்கத்தாரும் ஒரே மேசையில் இருந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் காது மந்தம், மற்றவருக்குக் கண் மங்கல். எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு அந்தக் கிளப் கூட்டத்தில ஏன் கையை உயர்த்தினீங்கள்?"

"எந்தக் கூட்டம் தம்பி?"

"அமெரிக்கன் கோச்சின்ர கூட்டம்."

சித்தப்பா முந்திக்கொண்டார். "அட, அந்தப் பந்துக்கார வெள்ளை! பாவம், நல்ல மனிசன். அவருக்கு நாங்கள்தானே ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் உதவி செய்தனாங்கள்."

"ஓமோம்," என்றார் பரமலிங்கத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப ஞாபகம் வருது. எழும்பி நிண்டு எனக்குக் கும்பிட்டவரெல்லோ."

"ரெண்டு பேரும் சேந்துதான் கையை உயர்த்தினனாங்கள்" என்றார் சித்தப்பா. பரமலிங்கத்தார் தலையாட்டினார். "வேற ஆர் இருந்தது அந்த மனிசனுக்கு?"

கோச் போனார், கிளப் போனது, மைதானம் போனது. கடைசியாக அந்தச் சண்டையும் போய்விட்டது. இனி நான் யாரோடு கோபிப்பது? பரமலிங்கத்தார் என் முன்னால் ஒரு கோப்பை மோரைத் தள்ளிவிட்டு, அந்த வெள்ளை இப்போது எங்கே, சுகமாக இருக்கிறாரோ என்று விசாரித்தார்.